தாடைக்குக் கீழே பிடித்த மீட்டர்

பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த அந்த வருஷம், எங்கள் தீவு நாட்டில் பா என்ற ஊரில் என் ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது. யாரும் கல்யாணப் படத்துக்கு வரவில்லை. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று எங்கே உறவு இருந்ததோ அங்கே கிளம்ப எல்லோருக்கும் பாஸ்போர்ட் படம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சர்க்கரை ஆலை இன்ஜினீயரின் மனைவியாக வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் கேமராவைத் தூக்கியவள் நான். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அப்போது நிறையவே இருந்தது.

அந்த நினைப்பை உடைத்தவர் ஒரு கரும்புத் தோட்டக்கார அக்கா. ஐம்பது வயதிருக்கும். வெயிலில் உழைத்து இறுகிய நல்ல கறுப்பு. ஆக்லாந்தில் இருந்த மகள், அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து விசாவுக்கு எழுதியிருந்தாள். கணவர் சற்று வெளுப்பு. அவர் படத்தை விசா ஆபீஸில் முதல் தடவையே ஏற்றுக்கொண்டார்கள். அக்காவின் படம் மட்டும் இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டும் நான் எடுத்தவை.

முதல் படத்தில் வெள்ளைத் துணியின் முன்னால் மூக்குத்தி மட்டும்தான் தெரிந்தது. முகம் வெறும் இருட்டு. அதனால் அடுத்த முறை, எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல, பவுடரை அப்பிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று நான் வேறு சொன்னேன். விண்ணப்பத்தில் அடையாளமாகத் தாடைத் தழும்பை எழுதியிருந்தார்கள். கரும்புக் கத்தி பட்ட தழும்பு. பவுடர் அதை முழுங்கிவிட்டது. ஆள் வேறு, படம் வேறு என்று திருப்பிவிட்டார்கள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள படம் போவலைன்னா அவருக்கு மட்டுந்தான் விசாவாம் தங்கச்சி," என்றார். "வீடு இருக்குற நெலத்துக் குத்தகையும் இந்த மாசத்தோட முடியுது. நான் எங்க போய் இருக்கிறது?"

அன்று புதன்கிழமை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் எனக்கு என் மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நாடி ஊரிலிருந்து வெளிநாடு கிளம்பிய ஒரு ஹோட்டல் போட்டோகிராபரிடம் பழைய லென்ஸ் வாங்கியபோது, அதோடு கையில் பிடிக்கிற ஒளி மீட்டர் ஒன்றும் வந்திருந்தது. கேமராவுக்குள்ளேயே ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று மேஜைக்குள் போட்டிருந்தேன். குறிப்புத்தாள் படிக்கிற வழக்கம் எனக்கு ஏது? அன்று படித்தேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. கேமராவின் மீட்டர், எதிரே பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. பின்னால் வெள்ளைத் துணி பளீரென்று இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து லென்ஸின் துளையைக் குறுக்கச் சொல்கிறது. முகம் இருண்டுவிடுகிறது. கை மீட்டரின் வெள்ளைக் குமிழை முகத்தருகே, கேமராவைப் பார்க்கப் பிடித்தால், முகத்தில் விழும் வெளிச்சத்தையே அளக்கும். முகம் கறுப்பா வெளுப்பா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"மொகத்தைக் கழுவிட்டு வாங்கக்கா," என்றேன்.

"கழுவினா இன்னும் கறுப்பாத்தானே வரும்?"

"வரட்டும். நீங்க கறுப்புதானே."

முறைத்தார். ஆனாலும் கழுவிக்கொண்டு வந்தார். தாடைக்குக் கீழே மீட்டரைப் பிடித்தேன். கேமரா துளையைப் பதினொன்றில் வைக்கச் சொன்னது; மீட்டர் ஐந்து புள்ளி ஆறு என்றது. எண் குறைந்தால் துளை பெரிது. கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். கேமராவின் முள் தப்பு தப்பு என்று ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. முட்டிக்கொள் என்று விட்டுவிட்டு அழுத்தினேன்.

இருட்டறைத் தட்டில் படம் எழும்பியது. கண்ணோரச் சுருக்கம், நெற்றிப் பொட்டு, தாடையில் கோணலாக அந்தத் தழும்பு. கறுப்பு கறுப்பாகவே இருந்தது, ஒன்றும் மறையவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் தனியாக ஒரு ஆட்டமே போட்டேன். வெளியே கொண்டுவந்து காட்டியபோது அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"அச்சா," என்றார். "இது நாந்தான்."

வியாழன் காலை பஸ்ஸிலேயே படம் தலைநகர் சுவாவுக்குப் போனது. மாதக் கடைசியில் ஒருநாள், வரிசையைத் தாண்டி நேராக உள்ளே வந்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் என் முன்னால் விரித்து வைத்தார். இரண்டிலும் விசா. பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி கணவர் நின்றிருந்தார். அத்தனை நாளில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இவளுக்குக் கெடைக்கலைன்னா நானும் போயிருக்க மாட்டேன்," என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்னவாம்," என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.