ஜல்லி இறுக்க வந்த மெஷின்

அறுபதுகளில் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் தண்டவாள வேலையில் டெம்பரவரி கூலியாக இருந்தேன். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது எங்கள் வேலை. நான்கு பேர் எதிரும் புதிருமாக நின்று, 'பீட்டர்' என்கிற கனத்த இரும்பால் ஒரே தாளத்தில் குத்துவோம். மேஸ்திரிக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் கடைசியில் மரச்சுத்தியால் கட்டையைத் தட்டி, அடியில் காலியா கெட்டியா என்று சத்தத்தை வைத்துச் சொல்வது நான்.

ஒரு நாள் ஜல்லியைத் தானே இறுக்கும் மெஷின் வருகிறது என்றார்கள். அது தேறிவிட்டால் டெம்பரவரி ஆட்களுக்குச் சீட்டு கிழிந்துவிடும். ஆனாலும் அதைப் பார்க்காவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும் போல இருந்தது.

பெரிய ஆபீசர் வந்தால் ஜல்லியைக் கூட்டி அழகாகச் சீவி வைப்பது எங்கள் வழக்கம். மெஷினுக்கும் அதே மரியாதை! கட்டையே தெரியாதபடி மூடி அலங்காரம் செய்துவிட்டோம். மெஷின் ஓட்ட வந்தவர் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கட்டை எங்கய்யா? தெரியலன்னா நான் எங்க குத்தறது, கட்டை மேலயா?"

அத்தனையையும் மறுபடி வாரித் தள்ளினோம்.

பிறகு அது கிளம்பியது. இரும்பு விரல்கள் கட்டைக்கு இரு பக்கமும் ஜல்லிக்குள் இறங்கின, நடுங்கின, நெருக்கின, மேலே ஏறின. உடனே அடுத்த கட்டை. நான் வாயைப் பிளந்துகொண்டு கூடவே நடந்தேன்.

மெஷினைச் சோதிக்க வந்திருந்த ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "தட்டிப் பாருப்பா. காலியா, கெட்டியா?"

தட்டினேன். கெட்டி. அடுத்ததும் கெட்டி. ஒன்றாவது காலியாக இருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. மேஸ்திரி கண்ணாலேயே கெஞ்சினார். கடைசிக் கட்டைவரை தட்டினேன்.

"எல்லாம் கெட்டி சார். நாங்க குத்தினாகூட இப்படி வராது."

பின்பாதியைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் சிவாஜிநகர் வரை மற்ற மூவரும் என்னை விட்டுப் பத்தடி முன்னாலேயே நடந்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் நால்வரையும் நிறுத்திவிட்டார்கள். பீட்டர்களைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றபோது, அதுவரை என் முகத்தையே பார்க்காமல் இருந்த ஒருவன் என் பக்கம் திரும்பினான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"நெஜமாவே ஒரு கட்டைகூட காலி இல்லையா?"

"இல்லடா."

அவன் கையிலிருந்த பீட்டரைக் கீழே போட்டான்.

"அப்படி அந்த மெஷினுக்குள்ள என்னதான்டா வெச்சிருக்கான்?"