லுயீஸின் முன்பல்

உடைந்து ஒட்டவைத்த முன்பல் துண்டு மூன்றாம் முறையாகப் பெயர்ந்ததும், லுயீஸ் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு முத்தியால்பேட்டை பல் கிளினிக்குக்கு வந்தார். மாடிப்படி ஏறும்போதே மனைவி ஆயம்மா ஆரம்பித்துவிட்டார்.

"புடுங்கிட்டு செட்டு வச்சுக்கோன்னா கேக்குறாரா இந்த மனுசன்?"

"செட்டு வச்சுக்கிட்டு நீ வாசி கிளாரினெட்ட."

அவர் சொன்னது சரிதான். கிளாரினெட்டின் வாய்ப்பகுதி மேல் முன்பற்களில்தான் அழுந்தி நிற்கும். கழற்றி மாட்டும் பல் அதற்கு ஆடிப்போகும். மாதக் கடைசியில் கோயில் தேர். பேண்டில் முன்னால் நின்று வாசிப்பவர் லுயீஸ். அவரால் முடியாதென்றால் கடலூரிலிருந்து வேறு ஆள் வருவான். வந்தவன் திரும்பிப் போகமாட்டான்.

டாக்டர் சுமலதா அரியாங்குப்பத்து விவசாயி மகள். விளையாத நிலத்தையும் மறுபடி உழும் வீடு. வேர் சிகிச்சை செய்த பல்லில் பசை பிடிப்பது கடினம் என்று அவருக்குத் தெரியும். போன முறை வேர் கழுவிய மருந்தை நன்றாக அலசி, புது பாட்டில் பசையில் ஒட்டியிருந்தார். அப்படியும் ஒரு மாதம் தாங்கவில்லை.

விளக்கை இழுத்துப் பார்த்தார். மிஞ்சிய பல்லின் ஓட்டைக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது. நோண்டி எடுத்தார். கிராம்பு.

"வலிக்குதாண்ணே? நரம்பே இல்லாத பல்லாச்சே!"

"வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா." லுயீஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆயம்மாதான் போட்டுடைத்தார். "ஊத்திக்கிட்டுதான் வராரு. பிராந்தி வாடை உங்களுக்கு அடிக்கக் கூடாதாம். மரியாதையாம்!"

"கிராம்ப நாக்குல வச்சா முழுங்கிடுறேன். ஓட்டையில சொருவினா நிக்குது. எப்பவும் படியிலயே துப்பிடுவேன். இன்னிக்கு இவ கத்துன கத்துல மறந்துட்டேன்."

கிளினிக்கே கிராம்பெண்ணெய் வாசனைதான். அவர் வாய் மட்டும் தனியாக எப்படித் தெரியும்? சுமலதாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அந்த எண்ணெ பல்லுக்குள்ள ஊறினா பசை இறுகாதுண்ணே. மூணு தடவையும் நீங்களே கெடுத்தீங்க."

"அப்ப புடுங்கிடலாமா?" என்றார் ஆயம்மா.

"அத மட்டும் கேக்காதீங்க" என்றார் சுமலதா.

எண்ணெய் ஊறிய பகுதியைச் சுரண்டி, கிராம்பெண்ணெய் கலக்காத சிமெண்டால் ஓட்டையை அடைத்தார். "அடுத்த வாரம் கிளாரினெட்டோட வாங்க. வாய் நாறினாலும் பரவால்ல."

மறுவாரம் ஒட்டி முடித்ததும், நாற்காலியிலேயே வாசிக்க வைத்தார். கீழே தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். தேரன்றும் லுயீஸ்தான் முன்னால் நின்றார்.

எச்சிலில் ஊற ஊறப் பசை தளரும், வருசம் ஒருமுறை காட்ட வேண்டும் என்று சுமலதா சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த தேர் முடிந்த மறுநாள் லுயீஸ் வந்து வாயைத் திறந்தார். பிராந்தி வாடை குப்பென்று அடித்தது. சுமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டே பல்லை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.