சுவர் வழியே ஒரு சீட்டாட்டம்

போன வாரம் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான அப்பாவின் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தேன். பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கூப்பிட்டார். "இன்னா சார் இது, சுவத்துல இம்மாம் பெரிய ஓட்ட? எலி கூட இப்பிடித் தோண்டாதே!"

எலி இல்லை ஐயா, நான்தான். கட்டைவிரல் நுழையும் அந்த ஓட்டையைப் போட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. கடைசி அடியில் கம்பி அந்தப் பக்கம் பாய்ந்து, பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டியின் மாதா படத்தைக் கீழே தள்ளிவிட்டது. கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தால் ஆன்ட்டி என் மண்டையை உடைத்திருப்பார்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தாலே எனக்குக் கூடவே ஈயம் பற்றவைக்கும் வாசனையும் வரும். காரணம் என் அப்பாவும், மேரி ஆன்ட்டியின் வீட்டுக்காரர் அந்தோணி அங்கிளும்தான்.

அப்பா சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டுகிறவர். அங்கிள் கீழே பெல்மேன். கேஜில் ஆள் ஏறியாயிற்று என்று பெல் அடித்து மேலே சொல்கிறவர். வேலை நேரம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வெறும் மணிச் சத்தத்திலேயே இருபது வருஷம் ஓட்டினார்கள். ஷிப்ட் முடிந்தால் இரண்டு பேருக்கும் ரம்மி.

சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் நாள் முழுக்க ரம்மிதான். வேலையில்லாத மனுஷனுக்குச் சீட்டே ஷிப்ட் ஆகிவிட்டால் கோபமும் கூட வருகிறது. ஒருநாள் அங்கிள் லுங்கி மடிப்பில் ஜோக்கரை ஒளித்தார் என்று அப்பா சொல்ல, "என்னெப் பாத்து திருடன்னா சொல்றே?" என்று அங்கிள் எழுந்து போக, முடிந்தது கதை. பதினோரு மாதம் பேச்சில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் குழம்பு மாற்றிக்கொண்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் மட்டும் எதிரெதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைக்க ஆரம்பித்தார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். இந்த மனுஷன் இப்படியே போய்விடுவார் என்று பயந்தேன்.

நான் அப்போது தினமும் ரயிலேறிப் போய்ப் பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆபீஸில் இரண்டு மெஷின்களைக் கழித்துக் கட்டினார்கள். அப்போதே தொண்டு கிழங்கள். அவற்றுக்குள் ஒரு சீட்டாட்டம் இருந்தது. இரண்டையும் கேபிளால் இணைத்தால் இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் ஆடலாம். எனக்குள் விளக்கு எரிந்தது. ஆளுக்கொரு வீட்டில் வைத்தேன்.

"அதுல ஜோக்கர ஒளிக்க முடியாதுப்பா" என்றேன்.

"எவன் கூடனா ஆடறேன். பேச மாட்டேன்" என்றார் அப்பா.

அங்கிளும் ஆன்ட்டி மூலம் அதையே சொல்லியனுப்பினார். "ஆட்டம் வேற, பேச்சு வேற."

இணைக்க ஆளுக்கொரு நெட்வொர்க் கார்டு வேண்டும். பழைய சாமான் கடையில் இரண்டு வாங்கினேன். "ஃபுல் செட் சார்" என்று கடைக்காரர் தலையிலடித்துச் சத்தியம் செய்தார். தலை அவருடையது இல்லை, என்னுடையது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ஒரு கார்டில், அதைப் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் தகடு இல்லை. கேபிளின் இரண்டு முனையிலும் மாட்ட வேண்டிய மூடிகளில் ஒன்றும் குறைந்தது. அந்த மூடி இல்லாவிட்டால், அனுப்புகிற செய்தி முனையில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

மொட்டைக் கார்டை அங்கிள் வீட்டு மெஷினில் மாட்டினேன். சுவர் ஓட்டை வழியாக இழுத்த கேபிளைச் செருகினால் கார்டு கழன்று வந்தது. அப்பா எதுவும் கேட்காமல் பிஸ்கட் டின்னை வெட்டி, மடித்து, ஒரு தகடு செய்து என் கையில் திணித்தார். அங்கிள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மடிப்பு கோணலா கீது. உங்கப்பன் வேலதானே?"

"இல்ல அங்கிள், கடையில..."

"போடா, போடா." ஆனால் மாட்டவிட்டார்.

மூடிக்கு ஐம்பது ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ரேடியோ கடையில் நூறுதான் இருந்தது. இரண்டு நூறைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் ஐம்பது. பரீட்சையில் நான் தப்பாக எழுதிய கேள்வி அது. மிச்சக் கேபிளின் முனையை வெட்டி, உள்ளே இரண்டையும் பற்றவைத்தேன். விரலையும் சேர்த்துத்தான்.

அதற்குள் நான் இங்கே ஒரு வரி தட்டுவதும், அங்கே வந்ததா என்று வாசல் வழியாக ஓடிப் பார்ப்பதுமாக நாய்படாத பாடு பட்டிருந்தேன். மூடியை மாட்டிவிட்டு, மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்து மறுபடி ஒரு வரி அனுப்பினேன்.

சுவரில் டக், டக், டக் என்று மூன்று தட்டு.

திரையில் எழுத்து வந்ததும் அங்கிளின் கை தானாகத் தட்டியிருக்கிறது. மூன்று தட்டினால், ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம். நான் திரும்புவதற்குள் அப்பா டம்ளரால் சுவரில் மூன்று தட்டிவிட்டார். தட்டி முடித்த பிறகுதான் அவருக்குச் சண்டை ஞாபகம் வந்தது. டம்ளரைக் குற்றவாளி மாதிரி பார்த்தார்.

"பேச மாட்டேன்னீங்களேப்பா?"

"இது பேச்சாடா? பெல்லு. பகையாளி அடிச்சாலும் பதில் அடிக்கணும். இல்லன்னா கீழ ஆளு செத்துடுவான்."

ஆட்டம் தொடங்கியது. அது ரம்மி இல்லை; அதில் ஸ்பேட் ராணி யார் தலையில் விழுகிறாளோ அவருக்குப் பாயிண்ட் ஏறும், தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் அங்கிள் அவளை அப்பா தலையில் இறக்கினார்.

"டேய் அந்தோணி! அடப் பாவி!" அப்பாவின் குரலில் வீடே அதிர்ந்தது. பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை.

"இன்னாடா? இதையும் லுங்கியில ஒளிச்சேன்னு சொல்வியா?" என்றது சுவர்.

இரண்டு நிமிஷத்தில் அங்கிள் வாசல் வழியாக உள்ளே வந்தார், கையில் நிஜச் சீட்டுக்கட்டோடு. அதற்கப்புறம் அந்த மெஷினை யாரும் போடவேயில்லை. படுக்கவைத்து, மேலே துண்டை விரித்து, அதன்மேல் ரம்மி ஆடினார்கள். நான் உயிரைக் கொடுத்துப் போட்ட நெட்வொர்க் மொத்தம் ஓடியது இருபது நிமிஷம். அன்று இரவு அப்பா இரண்டாம் தரம் சோறு கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இப்போது அப்பாவும் இல்லை, அங்கிளும் இல்லை. மேரி ஆன்ட்டி மகளோடு ஓசூரில் இருக்கிறார். நான் பெங்களூரில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறேன். இன்டர்நெட் பிய்த்துக்கொண்டு போகிறது. எதிர் ஃபிளாட்டுக்காரரும் நானும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது.