தறிக்குழியில் தம்பி

தம்பிக்குக் கழுத்து நிற்கவில்லை என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது நான்தான். அதற்குக் கிடைத்தது முதுகில் ஓர் அடி. எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாப்பேட்டைத் தெருவில் அலைவது என் வேலை. அவனுக்குப் பின்னால் பிறந்த எதிர்வீட்டுக் குழந்தை உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தது. இவன் தலையோ என் தோளில் தொங்கியது.

"ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் எந்திரிப்பான். நீ வாயை வெச்சுத் தொலைக்காத" என்றாள் அம்மா.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா அதையே சொன்னபோது அம்மா அழுதாள். நான் சொன்னால் அடி, டாக்டரம்மா சொன்னால் அழுகை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வீடே அவனுடையதாகிவிட்டது. கைகால்களை நீட்டி மடக்கிவிட வேண்டும், பிடிமானம் கொடுத்து நிறுத்திப் பழக்க வேண்டும், எந்த வேலை செய்தாலும் அவனிடம் பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பாரு சாமி, வெங்காயம். அம்மா உரிக்கறேன். ஐயோ, கண்ணெல்லாம் எரியுது!" என்று நாள் முழுக்க அம்மா அவனிடம் கொஞ்சுவாள். என் பக்கம் திரும்பினால், "தண்ணி புடிச்சியா?" அவ்வளவுதான்.

அப்பா அதற்கும் மேல். எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டைகளை மிதிக்க வேண்டும். நான் கிட்டே போனாலே, "நூலு அந்துரும், அக்கட்டால போ" என்று விரட்டுவார். அதே அப்பா தினமும் சாயங்காலம் தறியை நிறுத்தினார். மிதிகட்டைகளை ஓரமாகக் கட்டிவிட்டு, குழிக்குள் பழைய சேலையை மடித்துப் போட்டுத் தம்பியை அதில் நிற்க வைத்தார். குழியின் விளிம்பு சரியாக அவன் அக்குளுக்கு வந்தது. டாக்டரம்மா கேட்ட பிடிமானத்துக்கு அப்பா கண்டுபிடித்த வழி அது. அவன் கால் மடங்கிச் சரிவான். அப்பா மறுபடியும் நிமிர்த்துவார். நான் ராட்டையில் நூல் சுற்றியபடி வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் நடக்க வேண்டும் என்று நானும் வேண்டாத சாமியில்லை. அவன் நடந்துவிட்டால் அம்மாவும் அப்பாவும் எனக்குத் திரும்பக் கிடைப்பார்கள் அல்லவா?

அவனுக்கு மூன்று வயது தாண்டிய பிறகு, ஒரு சாயங்காலம், தறிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கையை விட்டான். தள்ளாடித் தள்ளாடி அம்மா மடியில் போய் விழுந்தான். அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரம்மா சர்க்கரை கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டார். அப்பா அன்றைக்கு அதற்குப்பின் தறியில் உட்காரவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.

"நான் எப்பம்மா நடந்தேன்?"

அம்மா தம்பியின் பாதத்தைத் தடவியபடியே சொன்னாள்.

"ஞாபகமில்ல சாமி. நீ பாட்டுக்கு நடந்துட்ட."