வாயில் ஆணியோடு ஒச்சம்மாள்

ஒச்சம்மாளிடம் எதைச் சொன்னாலும் வெளியே போகாது என்று எங்கள் தெருவில் அவளுக்கு நல்ல பெயர். பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்கல்லவா தெரியும். அது குணமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்ல முடியும்?

பேகம்பூர் பக்கத்தில் இருந்த ஒரு சுருட்டுக் கம்பெனிக்குப் பெட்டி அடிப்பது அவள் பிழைப்பு. முதலில் அவள் வீட்டுக்காரர் கண்ணுசாமிதான் அங்கே பெட்டிக் கொட்டகையில் வேலை பார்த்தார். மகள் சுந்தரம்மாள் நடை பழகுகிற வயதில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். அவர் இருந்த காலத்தில் கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்ததில் ஒச்சம்மாளுக்கு வேலை பிடிபட்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் அறுத்த பலகையையும் ஆணியையும் வண்டியில் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டு, முடிந்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

பார்க்க லேசான வேலை. பலகை அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். தடித்த ஆணி பட்டால் பிளந்துவிடும். அதனால் பொடி ஆணி. ஊசி மாதிரி மெலிந்திருக்கும், கொண்டை என்பது பெயருக்குத்தான். அதையும் கூர்முனையோடு அப்படியே அடிக்க மாட்டாள். தலைகீழாகக் கல்லில் நிறுத்தி முனையில் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்வாள். கூரான முனைதான் மரத்தைப் பிளக்கும், மழுங்கினது பிளக்காது என்பது கண்ணுசாமி சொல்லிவிட்டுப் போன விஷயம். அடித்து முடித்ததும் இன்னொரு மொட்டை ஆணியை மேலே வைத்து ஒரே தட்டு. ஆணி பலகைக்குள் இறங்கிவிடும். அந்தப் பொட்டுத் துளையை மெழுகால் அடைத்துவிட்டால் எங்கே அடித்தாள் என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. நானும் ஒருநாள் மிச்சப் பலகையை வாங்கிவந்து அடுப்படியில் சாமான் வைக்க ஒரு தட்டு அடிக்கலாமென்று உட்கார்ந்தேன். பலகை அத்தனையும் பிளந்து அடுப்புக்குத்தான் போனது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இடது கை பலகையையும் ஆணியையும் பிடித்திருக்கும், வலது கையில் சுத்தி. அடுத்த ஆணிக்கு இடம் வாய்தான். ஒரு பிடி ஆணியை உள்ளே போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகக் கொண்டையை முன்னால் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவருவாள். எச்சில் பட்ட ஆணி உள்ளே போய்த் துருப்பிடித்து மரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பாள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவளுக்கு அந்த ஆணியில் வேறொரு சௌகரியம் இருந்தது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் உடனே ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள்.

கன்னிவாடியில் அவள் தம்பி பேச்சிமுத்து விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மனிதன், அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. அக்கா தனியாகிப் போனதிலிருந்து ஒவ்வொரு அறுப்புக்கும் கம்பு, சோளம், மொச்சை என்று மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்குவான். அவன் மனைவி இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனாள். அது முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகு, அறுபத்திரண்டில் என்று நினைக்கிறேன், வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

தாரைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னான். "அக்கா, பிள்ளைகளுக்கு ஒரு ஆத்தா வேணும். சுந்தரத்த எனக்கே குடுத்துரு. முறைதான?"

ஒச்சம்மாள் நிமிரவில்லை. ஓர் ஆணியை அடித்தாள். நாக்கால் அடுத்ததைத் தள்ளி எடுத்து அதையும் அடித்தாள். அவன் காத்திருந்து பார்த்தான். அக்கா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்றதும் முகம் தெளிந்துவிட்டது. "சரிக்கா, அப்ப வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுப்படியிலிருந்து சுந்தரம்மாள் வெளியே வந்தாள். பதினேழு வயது. அழவில்லை. "நான் அவரு தோள்ல உக்காந்து திருவிழா பாத்தவம்மா. எனக்கு அவரு மாமா, அம்புட்டுத்தான். புருசனா நெனைக்க வரல. ஆனா நீ வாயத் தொறக்காட்டிப் போ, நான் கழுத்த நீட்டிருவேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னக்கா நீ, குடுக்கறதா இல்லையா? அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

ஒச்சம்மாள் ஆணிகளைக் கையில் துப்பினாள். "அவன் கொண்டாந்த கம்பத் தின்னு வளந்த புள்ள இது. அவன் மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்? அவனாப் புரிஞ்சுக்கிருவான்" என்றாள்.

அவனாக எங்கே புரிந்துகொள்வது? அடுத்த வெள்ளிக்கிழமை கன்னிவாடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பெரியவர்கள், பெண்கள், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, புதுப் புடவை எல்லாம் வந்து இறங்கின. தெருவே எட்டிப் பார்த்தது. பேச்சிமுத்து சலவை வேட்டி கட்டி, மீசையைத் திருத்தி, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். ஒச்சம்மாள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாயில் ஆணி.

கூட வந்த பெரியவர் ஒருவர் தாம்பாளத்தை நகர்த்தினார். "ஒச்சம்மா, தட்ட மாத்திக்கிருவமா? கைய நீட்டு."

சுந்தரம்மாள் கதவோரத்தில் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். ஒச்சம்மாள் கையைக் குவித்து ஆணிகளை மொத்தமாக அதில் விட்டாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

"தம்பி, நீ செஞ்சத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன். ஆனா புள்ளையக் குடுக்க மாட்டேன்."

அப்போது அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் போடவில்லை. கூட வந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாமேக்கா. நான் தனியாத்தான வந்தேன்."

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் வண்டி ஏறினார்கள். புடவை மேல் இருந்த பூச்சரம் வாசலில் விழுந்தது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சுந்தரம்மாளைச் சாணார்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பூ வியாபாரம், தங்கமான பையன். ஒச்சம்மாள் கன்னிவாடிக்கு நேரில் போய்த் தம்பியை அழைத்துவிட்டு வந்தாள். அவன் தண்ணீர் கொடுத்தான், உட்காரச் சொன்னான், பத்திரிகையை வாங்கிக்கொண்டான். கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில் பந்தலில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தி மாலையைப் போட வைத்தோம்.

நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். "விடுக்கா, பொண்ணு குடுக்கலைங்கிற கோவம் அவனுக்கு இன்னும் போகல."

ஒச்சம்மாள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "அந்தக் கோவம் அவனுக்கு இல்லவே இல்ல. அன்னைக்கு ஒத்தையா உக்காந்து கேட்டான் பாரு, அப்பவே மாட்டேன்னு சொல்லிருந்தா, இந்த மாலைய அவந்தான் போட்டிருப்பான்."