மொட்டைச் சவாரி

லஸ் முனை ஜட்காக்காரர்கள் சேணம் போடாமல் குதிரை ஏறுவதை ‘மொட்டைச் சவாரி’ என்பார்கள். மொட்டை மாடிக்கு மேலே கூரை இல்லை, மொட்டைக் கடுதாசிக்குக் கீழே கையெழுத்து இல்லை. அதுபோல முதுகில் ஒன்றும் இல்லாத குதிரை. அந்தப் பேர் வந்ததே பச்சையம்மாளால்தான். இல்லையென்று எவனாவது சொன்னால், அவன் அன்றைக்கு அங்கே இல்லை என்று அர்த்தம்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் மோட்டார்கள் முடங்க, ஜட்காவுக்கு ஏகக் கிராக்கி. பச்சையம்மாளின் புருஷன் தேசப்பன் அந்த நேரம் பார்த்தா விஷக்காய்ச்சலில் போய்ச்சேர வேண்டும்? மிஞ்சியது வண்டியும், ராணி என்கிற குதிரையும்தான்.

“குதிரைய எனக்குக் குடுத்துட்டு மீன் கூடை தூக்கு. பொம்பள ஓட்டினா எவன் ஏறுவான்?” என்றான் பக்கத்து வண்டிக்கார அய்யாதுரை.

“நானே ஓட்டிக்கிறேன், உன் வேலையப் பாரு,” என்றாள் அவள்.

அதற்கு லைசென்ஸ் அவள் பேரில் வரவேண்டும். குதிரை பரிசோதனையில் தேறினால்தான் அதுவும். நல்ல காரியமாயிற்றே என்று பரிசோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராணியின் முதுகு முழுக்க மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டாள்.

தெப்பக்குளத்துக் கரையில் மாட்டு டாக்டர் சேணத்தைக் கழற்றச் சொன்னார். முகம் சுளித்தார்.

“சேணம் அழுத்திப் புண்ணாயிருக்கு. மஞ்சளப் பூசி மறைச்சிருக்கே.”

“சாமிக்குப் பூசினது சார்!”

இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் கறை போகவில்லை. “உள்ரணம் இருக்கும், லாயக்கில்லை,” என்று பேனாவைத் திறந்தார்.

பச்சையம்மாள் ராணியின் பக்கத்தில் போய் நின்றாள். தினம் விடிகாலையில் ராணியைக் கடலில் குளிப்பாட்டி, வெறும் முதுகில் உட்கார்ந்து வருகிறவள் அவள். முதுகில் ரணம் இருக்கிற குதிரை ஆளை உட்கார விடுமா? புடவையை வரிந்து கட்டினாள், ஒரே தாவு. குளத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினாள். ராணி ஒருமுறைகூட முரண்டு பண்ணவில்லை.

“மொட்டைச் சவாரிடா டேய்!” என்று கத்தினவன், வேடிக்கை பார்க்க வந்து நின்ற சாட்சாத் அய்யாதுரைதான்.

டாக்டர் அருகே வந்து கட்டைவிரலால் ராணியின் முதுகை அழுத்திப் பார்த்தார். அது சாதுவாக அவருடைய சட்டைப்பையை மோந்தது. காகிதத்தில் ‘தகுதி’ என்று எழுதிவிட்டு, “லைசென்ஸ் யார் பேருக்கு?” என்று அய்யாதுரையைப் பார்த்தார்.

“என்னை இன்னா சார் பாக்கறே? ஓட்றவ அதோ மேல குந்திக்கினு கீறா. பச்சையம்மான்னு எழுது.”