சீனத்துச் சாமியைப் புளி போட்டுத் தேய்த்தேன்

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மலாயாவுக்கு ஜப்பான்காரன் சண்டை இன்னும் வராத காலம். திருக்கோகர்ணத்தில் மாமியார் வீடு. நான் விளக்கிய குடத்தில் முகம் பார்க்கலாம் என்று தெருவே சொல்லும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதே அதுதான்.

பினாங்கில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரரின் அண்ணன், ஊருக்கு வந்தபோது ஒரு சிலை கொண்டுவந்தார். ஒரு முழ உயரம், சம்மணமிட்ட புத்தர். பக்கத்துக் கடைச் சீனக்காரரின் பரம்பரைச் சாமி. சீனாவில் அவர் ஊரில் அப்போதே சண்டை. குடும்பத்தை அழைத்துவரப் போனவர் இவரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பூட்டிய கடையில் விட்டுவர மூத்தவருக்கு மனசில்லை. அடுத்த வாரம் கப்பலேறிப் போய்த் திருப்பித் தர வேண்டும்.

பித்தளைதானே என்று நினைத்தேன். மடிப்பெல்லாம் கறுப்பு. இப்படியே கொடுத்தால் நம் வீட்டுப் பெண்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? புளியும் செங்கல்பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து, வலது முழங்காலில் ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. தேங்காய் நாரைப் பார்த்தால் பொன் துகள் மினுங்குகிறது. வெண்கலத்தின் மேல் தங்கப் பூச்சு!

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அடி ஆத்தி! என்னடி இப்புடிச் செஞ்சு வச்சிருக்க? சரி, அழுவாத. மஞ்சளக் கொழச்சு அப்பிவிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"சீனக்காரருக்குத் தெரியும்ல அத்தை?"

"அவரு என்ன, மொழங்காலப் பாத்தா கும்புடப் போறாரு?"

சிரிப்பு வந்தது, மனசு ஒப்பவில்லை. மூத்தவர் எதிரில் நின்று அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை நான். அன்று சிலையோடு போய் நின்றேன்.

"பித்தளைன்னு நெனச்சுத் தேச்சுப்புட்டேன் மாமா. நான்தான் செஞ்சேன்னு அவருகிட்டச் சொல்லிருங்க."

அவர் முகம் செத்துப்போனது. "என்னைய நம்பிக் குடுத்த சாமி ஆத்தா" என்று சிலையை வாங்கித் துண்டில் சுற்றினார்.

அவர் போய் மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் வாசித்தார். சீனக்காரர் குடும்பத்தோடு பத்திரமாக வந்துவிட்டாராம். புதிதாகத் தங்கம் பூசித் தருகிறேன் என்று மூத்தவர் சொன்னதற்கு வேண்டவே வேண்டாம் என்றாராம். முன்பின் தெரியாத வீட்டில் தன் சாமிக்கு இவ்வளவு கவனிப்பா என்று முழங்காலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாராம். கடையில் கரி பிடித்த டீக் கெட்டில் நாலு கிடக்கிறது, அந்தப் பெண்ணுக்கு அனுப்பட்டுமா என்றும் கேட்டாராம்! மாமியார் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது; இதுகூட நான் சொல்லப் பேத்தி எழுதியதுதான். ஆனாலும் செய்த தப்பை நேரில் போய் நின்று சொன்ன அந்தப் புதுப்பெண்ணை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வருகிறது.